கட்டுமாவடியில் மைக் நின்றுபோன நாள்

இலுப்பூரில் உரக்கடை வைத்திருக்கும் சண்முகம் போன மாதம் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என் பழைய அலுவலகத் தோழியின் தம்பி. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாளாம். மக்கள் தொடர்பியல் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். இன்ஜினியரிங், நர்சிங் என்றால் தனக்குப் புரியும், இது ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிகிற படிப்பு மாதிரி இருக்கிறதே, படித்தால் என்ன வேலைக்குப் போவாள் என்று கேட்டார்.

அந்த வேலையிலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவள் நான். சரளமாகப் பதில் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்த வேலை இருக்கிறது, வங்கிகளில் இருக்கிறது, சிமென்ட் கம்பெனியில், கார் கம்பெனியில், விமான நிலையத்தில்கூட இருக்கிறது என்றேன். என்னோடு படித்த ஒருத்தி விளம்பர நிறுவனம் நடத்துகிறாள், இன்னொருத்தன் சினிமாப் படங்களுக்குச் செய்தித் தொடர்பாளனாக இருந்தான், நான் தேர்வு எழுதி அரசாங்கத்துக்கு வந்தேன் என்றேன். சண்முகம் திருப்தியாக, “அப்பச் சரிங்க, சேத்து விட்டுர்றேன்” என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகு எனக்குத்தான் திருப்தியில்லை. அந்தப் பெண் எந்தெந்தக் கட்டடத்தில் போய் உட்காரலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அங்கே உட்கார்ந்து என்ன செய்வாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் கட்டுமாவடியில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அதைப் போனில் சொல்ல முடியாது.

எனக்குச் சொந்த ஊர் திருமயத்துக்குப் பக்கம். வியாபாரக் குடும்பம். அப்பச்சி என்று நாங்கள் கூப்பிடும் அப்பா ஈரோட்டில் பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். பேச்சு என்பது எங்கள் வீட்டில் கடையோடு சேர்ந்து வருவது. அதைக் கல்லூரியில் போய் யாராவது படிப்பார்களா என்று எல்லாருக்கும் சிரிப்பு. “வந்தவுகளை வாங்கன்னு சொல்ல ஒனக்குத் தெரியாதா? அதுக்கு ஒரு பட்டமா?” என்றார்கள் ஆத்தா. இருந்தாலும் அனுப்பினார்கள். பி.ஏ. முடித்துவிட்டுச் சென்னையில் ஓராண்டுப் படிப்பு. பத்திரிகைக் குறிப்பின் முதல் பத்தியில் என்ன வர வேண்டும், படத்துக்குக் கீழே பெயர்களை எந்தப் பக்கத்திலிருந்து எழுத வேண்டும், செய்தியாளர் கூட்டத்தில் யாரை எங்கே உட்கார வைக்க வேண்டும், நிறுவனத்தின் மாத இதழை எப்படி நடத்துவது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். நெருக்கடி காலத் தொடர்பு என்று ஒரு பாடம் கடைசியில் இருந்தது. அதற்குள் ஆண்டு முடிந்துவிட்டது. பரீட்சைக்கு வராது என்று சொல்லி அதை விட்டுவிட்டார்கள்.

முதல் வேலை ஒரு சர்க்கரை ஆலையில். அதன் மாத இதழுக்கு நான் ஆசிரியர். பக்கத்துக்குப் பக்கம் மேலாளர் மரக்கன்று நடுவார், பரிசு கொடுப்பார், ரிப்பன் வெட்டுவார். நல்லதை எடுத்துச் சொல்வதுதான் இந்தத் தொழில் என்று நினைத்துக்கொண்டு, குறையொன்றும் இல்லாமல் இருந்தேன். பிறகு அரசுப் பணி கிடைத்தது. சில மாவட்டங்கள் சுற்றிவிட்டுப் புதுக்கோட்டைக்கு உதவி மக்கள் தொடர்பு அலுவலராக வந்தேன். அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் அருளானந்தம் சார்.

அவர் இப்போது இல்லை. இருந்தபோதும் கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, அதில் ஒரு சுருக்கம் இருக்காது. குரல் எழும்பவே எழும்பாது. மந்திரி வரும் விழாவில்கூடப் பந்தலின் ஓரத்துத் தூணோடு தூணாக நின்றுகொண்டிருப்பார்.

பத்திரிகைக் குறிப்பு எழுதிக்கொண்டு போனால் அதை வாங்கிக்கொண்டு எழுந்து நிற்பார். உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. நின்றபடியே வாய்விட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் வாசிக்கிற மாதிரி, முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார். இரண்டாம் வாசிப்பில் பென்சில் இறங்கும். ‘மாபெரும்’ போகும். ‘சிறப்பாக’ போகும். ‘போர்க்கால அடிப்படையில்’ என்று எழுதியிருந்தால், “எந்தப் போரும்மா?” என்று நிஜமாகவே கேட்பார். மூன்றாம் வாசிப்பில் வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி, ஒரே கேள்வி கேட்பார்.

“யாரு பாத்தா?”

வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சொன்னார்கள் என்பேன். அவர்களுக்கு யார் சொன்னது என்பார். வருவாய் ஆய்வாளர் என்பேன். அவர் பார்த்தாரா என்பார். கடைசியில் பார்த்த ஆள் யாரோ அவரோடு போனில் பேசிய பிறகுதான் அந்த வாக்கியம் தப்பிக்கும். அப்படி ஒருவரும் பார்க்கவில்லையென்றால் அந்த வாக்கியத்தின் இடத்தில் ‘இன்னும் தெரியவில்லை’ என்று எழுதச் சொல்வார். அரசாங்கக் காகிதத்தில் அப்படி எழுதலாமா என்று முதல் நாள் நான் கேட்டதற்கு, எழுதலாம், எழுத்துப்பிழை இல்லாமல் எழுத வேண்டும் என்றார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. எந்த அறிக்கையிலும் ‘வதந்தி’ என்ற சொல்லைப் போடவிட மாட்டார். “பயந்துபோய்க் கேக்குறவனைப் பார்த்து, நீ பொய் பேசுறேன்னு சொல்ற மாதிரிம்மா அது” என்பார்.

ஒரு மழைக்காலத்தில் கிராமம் ஒன்றில் கண்மாய் உடைந்துவிட்டது என்று செய்தி பரவி, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஏற ஆரம்பித்துவிட்டார்கள். கண்மாய் பத்திரமாக இருக்கிறது, மக்கள் பீதியடைய வேண்டாம் என்று குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு சாரைத் தேடினேன். ஆளைக் காணோம். சற்று நேரத்தில் போன் வந்தது. மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல். “கரை மேலதாம்மா நிக்கிறேன். மிஞ்சின தண்ணி கலுங்கு வழியாத்தான் வெளிய போவுது, கரை நல்லா இருக்கு. மக்கள் தொடர்பு அலுவலர் கரையில் நின்று பார்த்தார்னு எழுதுங்க. எம் பேரையும் போடுங்க. தப்பா இருந்தா என்னைத் தேடி வரட்டும்.” அப்படியே போட்டேன். சாயங்காலத்துக்குள் ஜனங்கள் வீடு திரும்பினார்கள். சர்க்கரை ஆலையில் அத்தனை காலம் நான் செய்தது இந்த வேலையே இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

அதற்கடுத்த ஐப்பசியில் கட்டுமாவடி வந்தது.

கட்டுமாவடிக் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பெரிதாக அலையடிக்கிற கடல் இல்லை. ஆழமில்லாமல், சேறும் தண்ணீருமாக, கண்மாய் மாதிரிக் கிடக்கும். அந்தக் கடலில் ஒரு விடியற்காலையில் திடீரென்று சுழல்காற்று எழுந்தது. வலைக்குப் போயிருந்த பைபர் படகுகளில் முக்கால்வாசி எப்படியோ கரைக்கு வந்துவிட்டன. இரண்டு படகுகள் வரவில்லை.

முற்பகலில் எங்கள் போன்களுக்கே அந்த ஒலிப்பதிவு வந்துவிட்டது. மூச்சு வாங்க ஒரு ஆண்குரல். இரண்டு படகில் போனவர்களும் செத்துவிட்டார்கள், உடல்கள் பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரியில் கிடக்கின்றன, அதிகாரிகள் மறைக்கிறார்கள் என்றது. கூடவே ஒரு படம். மணலில் வரிசையாகத் துணி போர்த்திய உடல்கள். ஒரு டிவியில் அது எழுத்தாகவும் ஓடத் தொடங்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஜனங்கள் உட்கார்ந்துவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் சாரும் நானும் ஜீப்பில் கிளம்பினோம்.

அறந்தாங்கி தாண்டும்வரை சார் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மீன்வளத் துறை ஆய்வாளர், கடலோரக் காவல் நிலையங்கள், பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி, அதே சன்னக்குரலில். ஆஸ்பத்திரியில் ஒரு கிளார்க் எடுத்துப் பேசினார். அது போதாது என்று டாக்டரைக் கூப்பிடச் சொல்லி, அவரைச் சவக்கிடங்கு வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி, வரும்வரை லைனிலேயே காத்திருந்தார். நான் மடியில் ஒரு தாளை வைத்து நடுவே கோடு போட்டு, தெரிந்ததை ஒரு பக்கமும் தெரியாததை மறுபக்கமும் எழுதிக்கொண்டே வந்தேன். தெரியாத பக்கம்தான் நிறைந்துகொண்டே போனது.

சாலையை அடைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆண்கள், அதற்கும் பின்னால் பஸ்களும் லாரிகளும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நின்றன. தூறல் விழுந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். எங்களுக்கு முன்பே வந்திருந்த ஓர் அதிகாரி சாரைத் தனியே அழைத்துப் போய், எல்லாரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கூட்டம் கலைந்துவிடும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அடிதடி ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு.

“நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டார் சார்.

“இல்லை.”

“நானும் பாக்கலை” என்று சொல்லிவிட்டு, ஆட்டோவில் கட்டியிருந்த ஒலிபெருக்கியின் மைக்கை வாங்கி என் கையில் கொடுத்தார். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பெண்கள், நீங்கள் பேசினால் காது கொடுப்பார்கள் என்றார். “தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுங்க. ஆறுதல் மட்டும் சொல்லாதீங்கம்மா.”

கடலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் வறண்ட பூமியில் பிறந்தவள். எதிரே இருந்த முகங்களில் எவர் வீட்டு ஆள் வரவில்லை, எவர் வீட்டு ஆள் வந்துவிட்டார் என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. மைக்கை வாய்க்குக் கொண்டுபோய் என் பெயரையும் வேலையையும் சொன்னேன். ஒலிபெருக்கி ஒருமுறை கிறீச்சிட்டது. மழைத்தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும், அத்தோடு செத்துப்போனது.

கூட்டம் பொங்கிவிட்டது. மைக்கை வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள், மறைக்கிறார்கள் என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ஆண்கள் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். போலீஸ்காரர்கள் தடியைக் கையில் மாற்றிப் பிடித்ததை நான் பார்த்தேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். நடுவயது, நல்ல உயரம். காளியம்மாள் என்று பிறகு தெரிந்தது. மீன் ஏலக்கூடத்தில் கூவிக் கூவி வளர்ந்த குரல் அவளுக்கு. வராத படகு ஒன்றில் அவள் மகன் ராசு போயிருந்தான்.

“உக்காருங்க எல்லாரும்” என்றாள் பின்னால் திரும்பி. பிறகு என்னைப் பார்த்தாள். “மைக்கு வேணாம். நீங்க ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. நாங்க பின்னாடி கொண்டுபோறோம்.”

எனக்கு முதலில் புரியவில்லை. சார் தலையசைத்தார். “ரெண்டு படகு இன்னும் வரலை” என்றேன்.

முன்வரிசைப் பெண்கள் அப்படியே பின்னால் திரும்பி, “ரெண்டு படகு இன்னும் வரலை” என்றார்கள். இரண்டாம் வரிசை திரும்பி மூன்றாம் வரிசைக்குச் சொன்னது. சொல் வரிசை வரிசையாகப் பின்னால் நகர்ந்து, ஏலக்கூடத்தைத் தாண்டி, பஸ்களுக்கு நடுவே போய் மறைந்தது. கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும். பிறகு தொலைவிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. “ரெண்டு படகு இன்னும் வரலை. சரி, மேல சொல்லுங்க.”

கல்லூரியில் நாங்கள் ஒரு விளையாட்டு ஆடுவோம். பேராசிரியர் முதல் பெஞ்சுக்காரியின் காதில் ஒரு வாக்கியம் சொல்வார். அது காதுக்குக் காது மாறிக் கடைசி பெஞ்சு போவதற்குள் ஆளே தெரியாமல் மாறிப் போயிருக்கும். வகுப்பே சிரிக்கும். செய்தி இப்படித்தான் கெடும் என்று அவர் பாடத்தை முடிப்பார். நானும் அதை நம்பியிருந்தேன். இங்கே அந்த வகுப்பைப் போலப் பல மடங்கு ஜனம். மழை, காற்று, அழுகை. ஒரு சொல் சிந்தவில்லை.

மேலே சொன்னேன். காற்றடிக்கும் முன்பு அந்தப் படகுகளைக் கடைசியாகப் பார்த்தது யார், எந்தப் பக்கத்தில் பார்த்தார் என்று பெயரோடு சொன்னேன். தேடுவதற்கு எங்கிருந்து எந்தப் படகு கிளம்பியிருக்கிறது என்று சொன்னேன். வானிலை சரியில்லாததால் ஹெலிகாப்டர் கிளம்பவில்லை என்பதையும் சொன்னேன். பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டரே போய்ப் பார்த்தார், அங்கே கடலிலிருந்து யாரையும் கொண்டுவரவில்லை, அந்தப் படத்தில் இருப்பவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது என்றேன். ஒவ்வொன்றும் பின்னால் போய், முழுதாகத் திரும்பி வந்தது.

கடைசியில் அந்த வாக்கியம் இருந்தது. அதையும் சொன்னேன். “ரெண்டு படகும் இப்ப எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியலை.”

கல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “தெரியலை” என்ற சொல் மட்டும் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்கள் அதைத் தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவளின் தோளில் கைவைத்துச் சொன்னார்கள். அது கடைசிவரை போய்ச் சேர்ந்ததும், அத்தனை பெரிய கூட்டத்தில் சத்தமே இல்லை. பயத்தால் கத்திக்கொண்டிருந்த ஜனம் உண்மையைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதுவரை நான் எந்தக் கோயிலிலும் அப்படி நின்றதில்லை.

மணிக்கொரு தரம் இதே இடத்துக்கு வந்து நிற்பேன், புதிதாக ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று சொல்லவாவது வருவேன் என்றேன். காளியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

“தெரியலைங்கிறதை அவுங்க வாயாலயே சொல்லிட்டாங்க. இனி ரோட்டுல உக்காந்து என்ன? எந்திரிங்க, கரைக்குப் போவோம். வர்ற படகு ரோட்டுக்கா வரப்போவுது?”

எழுந்தார்கள். யாரும் கலைக்காமல், யாரும் அதட்டாமல் சாலை திறந்தது.

அன்று பகல் முழுக்க மணிக்கொரு தரம் கரையில் அவர்கள் முன்னால் போய் நின்றேன். ஒன்றும் இல்லை என்றேன். அந்த ‘ஒன்றும் இல்லை’யையும் அவர்கள் அதே ஒழுங்கோடு பின்னால் கொண்டுபோனார்கள். காளியம்மாளுக்குப் பக்கத்தில் ஒரு சிறுவயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். பாக்கியம் என்று பெயர். அவள் கணவன் செல்லத்துரை, ராசு போன அதே படகில் போயிருந்தான். அவள் யாரோடும் பேசவில்லை. டீ கொடுத்தால் வாங்கவில்லை. நான் சொல்வதைத் திரும்பிப் பின்வரிசைக்குச் சொல்வதற்கு மட்டும் வாயைத் திறந்தாள்.

சாயங்காலம் ஒரு படகு கிடைத்துவிட்டது என்று மீன்வளத் துறை ஆய்வாளர் சொன்னார். எஞ்சின் நின்று, தெற்கே ஒரு கரையில் ஒதுங்கியிருக்கிறது, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். நான் ஓடப் பார்த்தேன். சார் நிறுத்தினார். “அந்த ஆளுங்களையே போன்ல கேளுங்க.” ஒவ்வொருவராகப் போனில் வந்தார்கள். அந்தந்த வீட்டுப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு, புருஷன் குரலை அவள் காதில் வைத்த பிறகுதான் கூட்டத்துக்குச் சொல்ல விட்டார். செய்தியாளர்கள் பெயர்களைக் கேட்டு நெருக்கினார்கள். பெயர் முதலில் வீட்டுக்கு, பிறகு ஊருக்கு, அதன் பிறகு உங்களுக்கு என்றார் சார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அவர்கள் முணுமுணுத்தார்களே தவிர மீறவில்லை.

அன்றிரவு கரையிலிருந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நாங்களும் போகவில்லை.

மறுநாள் காலை காற்று அடங்கி, கடல் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. விசைப்படகு ஒன்று கவிழ்ந்த பைபர் படகைக் கண்டுபிடித்திருந்தது. ராசுவும் இன்னொருவரும் அதன் முதுகைப் பற்றிக்கொண்டு உயிரோடு இருந்தார்கள். செல்லத்துரை காற்றடித்த அன்றைக்கே இறந்திருந்தான். கடல் அவனைக் கொண்டுபோய்விடக் கூடாது என்று ராசு வலைக்கயிற்றால் அவனைப் படகோடு கட்டி வைத்திருந்தான். தன் கை மரத்துப்போயிருந்த நேரத்தில் அதைச் செய்திருக்கிறான். சார் ராசுவோடு போனில் பேசினார். வழக்கமான கேள்விதான்.

கேமராவோடு ஒரு டிவி நிருபர் முன்பே விஷயம் தெரிந்து வந்து நின்றார். சார் அவர் எதிரே போய் நின்று, இந்தப் பொண்ணுக்கு இன்னும் தெரியாது என்றார். அந்த இளைஞர் கேமராவைத் தோளிலிருந்து இறக்கி மணலில் வைத்தார்.

பாக்கியத்திடம் சார்தான் பேசுவார் என்று நினைத்தேன். நேற்று முழுக்க உங்கள் வாயில்தானே கேட்டாள், நீங்களே சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றார். அந்த வெள்ளைச் சட்டையோடு ஈர மணலில் அவள் எதிரே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ‘தவறிவிட்டார்’, ‘நம்மை விட்டுப் போய்விட்டார்’ என்றெல்லாம் சுற்றி வளைக்கக் கூடாது, கேட்பவர்களுக்கு வேறு அர்த்தத்தில் ஒரு நொடி நம்பிக்கை வந்துவிடும், அது கொடுமை என்று வரும்போதே சொல்லியிருந்தார்.

“பாக்கியம், படகு கிடைச்சிருச்சு. செல்லத்துரை இறந்துட்டாரு” என்றேன்.

அவள் கடலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “யாரு பாத்தா?”

நேற்று முழுக்க நான் ஒவ்வொரு செய்திக்கும் பார்த்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் கேட்டிருக்க வேண்டும். சார்தான் பதில் சொன்னார். “ராசு பாத்தாரும்மா. கடைசிவரை கூடவே இருந்தாரு. அவருதான் கூட்டிக்கிட்டு வாராரு.”

காளியம்மாளுக்கு அந்த ஒரு பதிலில் மகன் திரும்பக் கிடைத்துவிட்டான். அவள் முகத்தில் அது வந்ததையும், வந்த வேகத்தில் அவள் அதை விழுங்கியதையும் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தூரத்தில் விசைப்படகு தெரியத் தொடங்கியிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாக்கியத்தை இழுத்துத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டாள்.

பாக்கியம் அழவில்லை. பிறகு மெதுவாக விலகி நிமிர்ந்தாள். “பின்னால நிக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது” என்றாள். யாரும் தடுப்பதற்கு முன்னால், நேற்று முழுக்கத் திரும்பியது போலவே பின்வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

“எங்க வீட்டுக்காரரு செத்துப்போயிட்டாரு.”

அவளுக்குப் பின்னால் இருந்த பெண்கள் ஒரு கணம் திகைத்தார்கள். ‘எங்க வீட்டுக்காரரு’ என்பதை அவர்கள் எப்படிச் சொல்வது? பிறகு ஒருத்தி திரும்பி, “எந் தம்பி செத்துப்போயிட்டான்” என்றாள். அவள் பக்கத்தில் இருந்தவள், “எங்க கொழுந்தன் செத்துப்போயிட்டான்” என்றாள். அதற்கடுத்த வரிசையில் ஒரு வயதான அம்மா, “எம் மகன்” என்று தொடங்கி முடிக்க முடியாமல் நின்றாள். ஆண்கள் வரிசையில் “எம் மச்சான்” என்றார்கள், “எஞ் சேக்காளி” என்றார்கள். நேற்று முழுக்க எழுத்து பிசகாமல் போன செய்தி, இன்று வரிசைக்கு வரிசை மாறிக்கொண்டே போனது. ஒவ்வொரு மாற்றமும் உண்மை.

சார் எழுந்து நின்றுவிட்டார். நானும் எழுந்தேன். அந்தச் சொல் கரையைக் கடந்து, ஏலக்கூடத்தைக் கடந்து, சாலையை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சாலையில் வெளியூர் லாரி ஒன்று ஊர்ந்து வந்தது. கூட்டத்தின் கடைசியில் நின்ற ஒருவரிடம் டிரைவர் தலையை நீட்டி என்ன விஷயம் என்று கேட்டார். அந்த மனிதர் சொன்னது காற்றில் எங்களுக்கே கேட்டது.

“எங்க வீட்டுல ஒருத்தரு செத்துப்போயிட்டாருங்க.”

டிரைவர் எஞ்சினை அணைத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, கீழே இறங்கிக் கடலைப் பார்த்து நின்றார்.